புதிய பீரைத் தேடி அலுத்தவர்களுக்கு: ஐந்து வழிகளும் அவற்றின் உண்மையான விலையும்

சென்ற மாதம், ஒரே வாரத்தில் இரண்டு நண்பர்கள் ஒரே கேள்வியோடு வந்தார்கள். இருவரும் என்னைப்போலவே ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோ பக்கம் குடியிருப்பவர்கள். பத்தாண்டுக்கு மேலாகக் கிராஃப்ட் பீரில், அதாவது சிறு ஆலைகள் காய்ச்சும் பீரில், ஊறியவர்கள். இளையவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “அண்ணா, கடை அலமாரி முன்னால் கால் மணி நேரம் நிற்கிறேன். புதிதாக வந்ததை எடுக்காமல் திரும்பினால் எதையோ கோட்டை விட்டதுபோல் இருக்கிறது. எடுத்துப் போய்க் குடித்தால் போன வாரம் குடித்ததையே குடிப்பதுபோல் இருக்கிறது. இதை எப்படித்தான் முடிப்பது?”

இந்த அலுப்பு எனக்கும் வந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, புதிது என்று நம்பி வாங்கிய ஐ.பி.ஏ. (கசப்பும் மணமும் தூக்கலான பீர் வகை) ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிவிட்டு, வழக்கம்போல் கைப்பேசியில் பதியப் போனேன். அதே பீரை எட்டு மாதத்துக்கு முன்பே குடித்து, நாலேகால் நட்சத்திரமும் கொடுத்திருப்பதாகச் செயலி காட்டியது. கீழே என் குறிப்பு: “மாம்பழம், ஆரஞ்சுத் தோல், மென்மை.” அந்த மாலையைப் பற்றியோ அந்தச் சுவையைப் பற்றியோ ஒரு துளி நினைவும் எனக்குள் இல்லை. அன்று மனம் கனத்துப்போனது. நான் விரும்பிச் செய்த ஒன்று, பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே மிஞ்சியிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தேன். எது யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

அலுப்பு எங்கிருந்து வருகிறது

1970-களின் இறுதியில் அமெரிக்கா முழுவதிலும் நூற்றுக்கும் குறைவான பீர் ஆலைகளே இருந்தன. இன்று 9,000-க்கும் மேல். ஆலைகள் தாங்கள் காய்ச்சும் பீரைத் தங்கள் இடத்திலேயே விற்க 1985-ல் ஒரேகான் சட்டம் வழிவிட்டது. போர்ட்லண்ட் இன்றைய போர்ட்லண்டாக ஆனதற்கு அது முக்கியமான காரணம். 2010-ல் அன்டாப்ட் செயலி வந்தபின், குடித்த பீர்களை எண்ணுவதே ஒரு விளையாட்டாகிவிட்டது. புதிய பீர் ஒவ்வொன்றும் ஒரு எண்ணிக்கை. பழைய பீரை மறுபடி குடித்தால் எண்ணிக்கை ஏறாது.

பெயர்கள் பெருகிய அளவுக்குச் சுவைகள் பெருகவில்லை என்பதுதான் சிக்கலின் வேர். இன்று அலமாரியை நிறைத்திருக்கும் மங்கலான ஐ.பி.ஏ.க்களில் பெரும்பாலானவற்றின் உள்ளடக்கம் ஒன்றுதான்: சிட்ரா, மொசைக் போன்ற ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வகைகள், ஓட்ஸ், இங்கிலாந்து வழி ஈஸ்ட். இதை ஒருமுறை வீட்டில் சோதித்தோம். என் மனைவி மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் பீர் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டில் ஒரே பீர்; மூன்றாவதில் வேறு ஆலையின் பீர். வேறாக இருப்பது எது என்று நான் சொல்ல வேண்டும். ஆறு சுற்றில் இரண்டு முறை சரியாகச் சொன்னேன். குருட்டாம்போக்கில் கை காட்டினாலே ஆறில் இரண்டு சரியாக வரும். அந்த இரண்டு ஆலைகளின் கேன்களுக்காகவும் நான் வெவ்வேறு சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் கார் ஓட்டியிருக்கிறேன்.

எதை வைத்து அளப்பது

முதலாவது, பணம். கேனின் விலை மட்டும் போதாது. கீழே கொட்டியது, பெட்ரோல், மதுக்கூடத்தில் வைக்கும் டிப்ஸ் எல்லாம் சேர வேண்டும். என் குளிர்பதனப்பெட்டியில் ஒரு சமயம் 23 கேன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நாலரை டாலர். கடைசியில் ஆறு கேன்களைத் தொட்டியில் கொட்டினேன். அப்படியானால் உண்மையில் குடித்த கேன் ஒன்றின் விலை ஆறு டாலர்.

இரண்டாவது, பீரின் புதுமை, அதாவது காய்ச்சி எத்தனை நாள் ஆகிறது என்பது. ஹாப்ஸ் மிகுந்த பீர் வாழைப்பழம் மாதிரி. நாள் ஆக ஆகக் கெடும். மங்கலான ஐ.பி.ஏ.க்கு நல்ல ஆயுள் ஆறு வாரம்தான், அதுவும் குளிரிலேயே வைத்திருந்தால். நான் கொட்டியவற்றில் ஒன்றில் ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தது. குவளையில் ஊற்றியபோது ஆரஞ்சு நிறம் போய் அழுக்குப் பழுப்பாக இருந்தது. பழச்சாறு மணக்க வேண்டிய இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை.

மூன்றாவது, நினைவு. ஒரு மாதம் கழித்து அந்தப் பீரைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்ல முடிகிறதா? நான்காவது, துணை: யாரோடு குடிக்கிறீர்கள். ஐந்தாவதை எல்லோரும் தவிர்க்கிறார்கள். அது ஆல்கஹாலின் அளவு. அமெரிக்கக் கணக்கில் ஒரு ‘அளவு மது’ என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். 473 மி.லி. கேனில் 8 சதவீத ஐ.பி.ஏ. இருந்தால் அதில் கிட்டத்தட்ட 30 கிராம். ஒரு கேன் குடித்தேன் என்று நினைப்பவர் இரண்டுக்கும் சற்று அதிகமாகக் குடித்திருக்கிறார். ‘கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்க்கிறேன்’ என்று நான்கு சிறு குவளைகள் வாங்குகிறோமே, அவை ஒவ்வொன்றும் 150 மி.லி. கொள்ளும். 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நான்கும் சேர்ந்து 33 கிராம். அதன் பிறகு கார் ஓட்டக் கூடாது.

வழி 1: வேட்டையைத் தொடர்வது, வேலி போட்டு

இந்த உலகத்துக்குள் வந்து இரண்டாண்டு ஆகாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கோதுமை பீர், கருநிறப் போர்ட்டர், புளிப்புச் சுவையுள்ள பெல்ஜிய வகைகள், புகையில் உலர்த்திய மால்ட்டில் (முளைகட்டிய தானியம்) செய்த, ஜெர்மனியின் பாம்பர்க் நகரத்துப் பீர் என்று எத்தனையோ இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒருமுறையாவது சுவைக்காமல் தனக்குப் பிடித்தது எது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வேலி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டியில் ஆறு கேனுக்கு மேல் இருக்கக் கூடாது. நான்கு கேன் கட்டு வாங்கினால் நான்கு பேர் பகிர வேண்டும். ஏற்கனவே குடித்த வகையில் புதுப் பெயருக்காக வாங்குவதில்லை.

பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் ஆண்டில் ஒருமுறை வேட்டை நியாயமானது என்பேன். ஆகஸ்டு கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வில்லமெட் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் அறுவடை. வழக்கமாகப் பறித்த பூவைச் சூட்டில் உலர்த்தித்தான் வைப்பார்கள். இந்தச் சில வாரங்களில் மட்டும், பறித்த பச்சைப் பூவை ஒரு நாளுக்குள் கொப்பரையில் சேர்த்துவிடுவார்கள். பூவில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் உலர்ந்ததைப்போல் பல மடங்கு எடை வேண்டும். லாரி வயலிலிருந்து நேராக ஆலைக்கு ஓட வேண்டும். அந்தப் பீரில் அறுத்த புல்லும், கசக்கிய இலையும், முலாம்பழத் தோலும் சேர்ந்த ஒரு பச்சை வாசனை இருக்கும். அது அக்டோபருக்குப் பிறகு இல்லை. வேறு எந்த மாதத்திலும் எந்தப் பணத்துக்கும் கிடைக்காது. மாம்பழக் காலத்தில் மாம்பழம் தேடுவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை அல்லவா, இதுவும் அப்படித்தான்.

வரிசையில் நிற்கும் வேட்டையை நான் விட்டுவிட்டேன். கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் ரஷ்யன் ரிவர் ஆலை 2005 முதல் ஆண்டுதோறும் விற்கும் பிளைனி தி யங்கர் என்ற பீருக்காக மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. நண்பர்களோடு ஒரு பயணமாகப் போனால் நல்ல நினைவு. பீருக்காக மட்டும் என்றால் அந்த நாளும் விமான டிக்கெட்டும் வீண் என்பதே என் கருத்து.

வழி 2: இரண்டு மூன்று பீரோடு நிலைத்துவிடுவது

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். எனக்குத் தைத்த பழமொழி இது.

என் அப்பா நாற்பது ஆண்டுகளாக ஒரே கடையில் வறுத்து அரைத்த காப்பிப்பொடியை, ஒரே பித்தளை ஃபில்டரில் போட்டு, ஒரே டவராவில் ஆற்றிக் குடித்தார். ஒருநாளும் அலுத்ததாகச் சொன்னதில்லை. ஆனால் கடைக்காரர் சிக்கரியைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். எனக்கு ஆயிரம் பீர்களைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருந்தது. அவருக்கு ஒரு காப்பியைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் கோல்ஷ் பீருக்கு இதே மரியாதை. 200 மி.லி. கொள்ளும் ஒடுக்கமான குவளையில் வரும். தீர்ந்ததும் பரிசாரகர் கேட்காமலே அடுத்ததை வைத்து, அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அட்டையைக் குவளை மேல் வைத்துவிட வேண்டும். என்ன குடிப்பது என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. முழு மாலையும் பேச்சுக்கு மிஞ்சுகிறது.

நான் தேர்ந்தெடுத்தவை மூன்று. முதலாவது சியரா நெவாடா பேல் ஏல். 1980-ல் கலிபோர்னியாவின் சிகோவில் தொடங்கிய ஆலை, 5.6 சதவீதம். அதன் வாசனைக்குக் காரணமான காஸ்கேட் ஹாப்ஸ் எங்கள் ஒரேகானில் உருவாக்கப்பட்டு 1972-ல் வெளிவந்தது. இரண்டாவது, பெண்ட் நகரத்து டெஷூட்ஸ் ஆலையின் பிளாக் பியூட் போர்ட்டர். மூன்றாவது பெல்ஜியத் துறவிகளின் ஓர்வால்.

ஓர்வாலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த மடாலயம் கடைகளுக்கு அனுப்புவது ஒரே ஒரு பீர். பாட்டிலுக்குள் ஒருவகைக் காட்டு ஈஸ்ட் உயிரோடு வேலை செய்துகொண்டே இருப்பதால் அதன் சுவை மாறிக்கொண்டே போகும். இளம் பாட்டிலில் ஹாப்ஸ் கசப்பும் பூவாசமும் தூக்கலாக இருக்கும். ஓராண்டு கழித்துத் திறந்தால் உலர்ந்து, தோல்பொருள் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசனை. ஆறு பாட்டில் வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒன்றாகத் திறந்து பாருங்கள். கடை மாறாமல், பெயர் மாறாமல் ஆறு பீர் குடித்திருப்பீர்கள். புதுமைக்கு ஏங்குகிறவர்கள் இந்த வழிக்கு வர இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

மறைந்திருக்கும் குறைகளும் உண்டு. எல்லாக் கடையிலும் கிடைக்கும் பீர், எல்லாக் கடையிலும் புதிதாக இருக்கும் என்று நம்பக் கூடாது. அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பச்சை பாட்டிலில் வரும் பீரின் மேல் வெளிச்சம் பட்டால் நாற்றம் ஏறும். கேன் கிடைத்தால் கேனே நல்லது. இன்னொன்று, 12 கேன் கட்டு எப்போதும் வீட்டில் இருந்தால் செவ்வாய்க்கிழமையும் கை நீளும். நான் வெள்ளி, சனி என்று நாள் குறித்துக்கொண்டேன்.

வழி 3: ஒரே ஆலைக்கு வாடிக்கையாளர் ஆவது

போர்ட்லண்டின் பேர்ல் பகுதியில், பழைய கயிற்றுத் தொழிற்சாலைக் கட்டடத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஆலை இருந்தது. 1984-ல் தொடங்கியது. 2019-ல் மூடியபோது ஒரேகானின் மிகப் பழைய கிராஃப்ட் ஆலை அதுதான். நான் ஊர் ஊராகப் புதுப் பீர் தேடிய ஆண்டுகளில் அங்கே போனது இரண்டே முறை. ‘அது எங்கே போகப்போகிறது’ என்று இருந்துவிட்டேன். மூடும் செய்தி வந்த அன்று, ஆயிரம் பதிவுகளில் எதையும் கொடுத்து அங்கே ஐம்பது மாலைகளை வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கியிருப்பேன்.

அந்த வருத்தம்தான் என்னை வாடிக்கையாளனாக ஆக்கியது. இப்போது வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சிறிய ஆலைக்கு வியாழக்கிழமை தோறும் போகிறேன். ஊற்றிக் கொடுக்கும் பெண்ணுக்கு என் பெயர் தெரியும்; புதிய கொப்பரை இறங்கினால் ஒரு வாய் ஊற்றி என் முன்னால் வைப்பாள். புதுமை தானாக என்னிடம் வருகிறது. பீர் எப்போதும் புத்தம் புதிது, ஏனென்றால் காய்ச்சிய தொட்டி கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

பணக் கணக்கில் இது மோசமான வழி: ஒரு குவளை ஏழு டாலர், டிப்ஸ் ஒரு டாலர், பசித்தால் உருளைக்கிழங்கு வறுவலும் சேரும். அந்த ஆலைக்குக் கைவராத வகை உங்களுக்குப் பிடித்த வகையாக இருந்தால் ஏமாற்றம்தான். காரில்தான் போக வேண்டும் என்றால் இந்த வழியே வேண்டாம். மேக்ஸ் ரயில் பாதை அருகே ஒன்று தேடுங்கள். 2024-ல் அமெரிக்காவில் புதிதாகத் திறந்த ஆலைகளைவிட மூடிய ஆலைகளே அதிகம் என்பதால், உங்கள் எட்டு டாலர் எங்கே போகிறது என்பதற்கு முன்னெப்போதையும்விட இப்போது பொருள் இருக்கிறது.

வழி 4: வீட்டிலேயே காய்ச்சுவது

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சத் தடை நீங்கியது 1978-ல் கொண்டுவந்த சட்டத்தால். பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவர் இருக்கும் வீட்டுக்கு 200 கேலன் வரை அனுமதி, விற்கக் கூடாது. (தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இந்த வழியைக் கடந்துவிடுங்கள், அங்கே மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.)

முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உடைத்த மால்ட்டை 67 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்ததும் வீடு முழுவதும் ஒரு வாசனை. என் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, “யாருக்கு ஹார்லிக்ஸ்?” என்று கேட்டாள். கேட்டதில் தவறில்லை, ஹார்லிக்ஸும் முளைகட்டிய வாற்கோதுமைதானே. ஒரு மணி நேரம் ஊறியபின் சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பால் பொங்குவதுபோல் திடீரென்று பொங்கும், நகரக் கூடாது. பிறகு விரைவாக ஆற்றி, 20 டிகிரிக்கு வந்ததும் ஈஸ்ட் சேர்த்து இரண்டு வாரம். கொஞ்சம் சர்க்கரையோடு பாட்டிலில் அடைத்து இன்னும் இரண்டு வாரம்.

19 லிட்டர் கிடைக்கும்; அடியில் தங்கும் கசடு போக, 355 மி.லி. பாட்டிலில் ஏறத்தாழ 48. பொருட்செலவு எனக்கு 40 டாலர் ஆனது, பாத்திரங்களுக்கு 180. மறைந்திருக்கும் செலவு உழைப்பு: ஒரு ஞாயிற்றுக்கிழமையின் ஐந்தாறு மணி நேரம். அதில் பாதிக்கு மேல் கழுவுவது, சுத்திகரிப்பது, மறுபடி கழுவுவது. என் இரண்டாவது முயற்சி முழுவதும் புளித்துப்போனது. குழாய் ஒன்றைச் சரியாகச் சுத்தம் செய்யாததே காரணம். பாட்டிலில் சர்க்கரை கூடினாலோ, நொதித்து முடிவதற்குள் அடைத்தாலோ பாட்டில் வெடிக்கும். சர்க்கரையை எடைபோட்டே சேர்க்க வேண்டும்.

ஆனாலும் அலுப்புக்கு நேர் மருந்து எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தானே காய்ச்சியவனுக்கு அடுத்தவர் பீரில் என்ன நடந்திருக்கிறது என்பது நாக்கில் தெரிகிறது. தெளிவான, வெளிர்நிறப் பில்ஸ்னர் வகை பீர் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, ஒளிந்துகொள்ள இடமில்லாத ஒரு பீரை இவ்வளவு சுத்தமாகச் செய்த கைக்கு மனதார நன்றி சொல்லத் தோன்றுகிறது.

வழி 5: கொஞ்ச காலம் நிறுத்துவது

பீரைப் பார்த்தாலே சலிப்பு என்றால், அல்லது நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால், மற்ற நான்கையும் யோசிக்காதீர்கள், இதை எடுங்கள். மூன்று மாதம் நிறுத்திப் பார்த்தேன். தூக்கம் நன்றாக வந்தது, மாதம் நூறு டாலருக்கு மேல் மிஞ்சியது. நண்பர்கள் கூடும் மாலைகளை விட்டுவிடாமல் சோடாவோடு போய் உட்காருவதுதான் கடினம். அதைச் செய்தால்தான் தனிமை வராது. நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் மட்டும் மருத்துவரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. அது உடலுக்கு ஆபத்து.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

செலவு என் ரசீதுகளின்படி, 355 மி.லி. அளவுக்கு.

| வழி | செலவு | புதுமை | நினைவு | துணை |
|---|---|---|---|---|
| வேட்டை | கொட்டியதையும் சேர்த்து ஏறத்தாழ 4.50 டாலர் | தேக்கினால் கெடும் | மிகக் குறைவு | பகிர்ந்தால் உண்டு |
| நிலைத்த பீர் | 1.50 டாலர் | தேதி பார்த்தால் நன்று | ஆழமானது | நீங்கள் அழைத்தால் |
| ஒரே ஆலை | 6 டாலர் | மிகச் சிறப்பு | நிறைய | மிக நன்று |
| வீட்டில் காய்ச்சுவது | பாத்திரத்தைப் பத்து முறைக்குப் பங்கிட்டால் 1.20 டாலர் | உங்கள் கையில் | மறக்காது | சேர்ந்து காய்ச்சினால் |
| நிறுத்துவது | இல்லை | பொருந்தாது | பொருந்தாது | முயன்றால் |

சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இரண்டாவது வழி. புதிதாக ஊருக்கு வந்து தனியாக இருப்பவருக்குக் காசைப் பார்க்காமல் மூன்றாவது. எதையும் பிரித்து மேய்ந்து பார்க்கும் கை உள்ளவருக்கு நான்காவது. நான் இப்போது வீட்டில் இரண்டாவதும், வியாழனில் மூன்றாவதும், செப்டம்பரில் மட்டும் முதலாவதும் என்று வைத்திருக்கிறேன். காய்ச்சுவது ஆண்டுக்கு மூன்று முறை. கேள்வி கேட்ட இளையவர் கொப்பரை வாங்கப்போகிறார். பெரியவர் மூன்று மாதம் நிறுத்தியிருக்கிறார்.

இருவரிடமும் நான் முதலில் செய்யச் சொன்னது ஒன்றே: பெட்டியில் இருக்கும் கேன்களை வெளியே எடுத்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். மங்கலான ஐ.பி.ஏ. மூன்று மாதம் தாண்டியிருந்தால் ஒரு வாய் பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். தாண்டாததை இந்த வாரமே நான்கு பேரைக் கூப்பிட்டுப் பகிருங்கள். கருப்பு நிறத்துக் கனமான ஸ்டவுட்டுகளும் ஓர்வாலும் இருட்டான இடத்தில் ஓராண்டு தாங்கும். அவற்றை அலமாரிக்கு மாற்றலாம். காலி கேன்களைத் தூக்கி எறியாதீர்கள், ஒரேகானில் ஒவ்வொன்றுக்கும் பத்து சென்ட் திரும்பக் கிடைக்கும்.